பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கையெழுத்து

அம்பர்நாத் ஸ்டேஷனின் கிழக்கு வாசலை விட்டு இறங்கினால் ஷேர் ஆட்டோக்காரர்கள் "எம்.ஐ.டி.சி., எம்.ஐ.டி.சி." என்று தொழிற்பேட்டைக்கு ஆள் கூப்பிடுகிறார்கள். தலைக்கு இருபது ரூபாய். பின்னால் மூன்று பேர், டிரைவரின் பக்கத்தில் அரை இடத்தில் ஒருவர். அந்த அரை இடம் எனக்கு வாய்த்தது. மழை முடிந்து அக்டோபர் வெயில் பிடித்திருந்தது. காலை எட்டரைக்கே சட்டை முதுகில் ஒட்டியது. காட்டை–பத்லாபூர் சாலையில் திரும்பியதும் காற்றில் ஏதோ ஆசிட் நெடி. உள்ளூர்க்காரர்கள் யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

செம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்காகத்தான் போனேன். அவருடைய தம்பிக்கு முப்பத்தொரு வயது. ஆறு மாதமாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. எதிர் பில்டிங்கிலிருந்து யாரோ தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஜன்னல் இடுக்கில் எல்லாம் துணி அடைத்துவைத்திருக்கிறான். வேலை போயிற்று, குளிப்பது நின்றது. "அம்பர்நாத் பக்கம் ஒரு ஹோம் சொல்றாங்க சார். எனக்கு அங்கே காலடி வைக்கவே பயமா இருக்கு. நீங்க ஒரு தடவை பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்றார். மும்பையில் இடம் கிடைக்காத இல்லங்களெல்லாம் கல்யாண் தாண்டித்தான் வருகின்றன. முதியோர் இல்லம், குடிமறப்பு இல்லம், மனநல இல்லம் என்று வழியில் போர்டுகள் மாறி மாறி வந்தன. நான் போன இல்லத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

மெயின் ரோட்டில் இறங்கி ஐந்து நிமிட நடை. சுற்றிலும் தகரக் கூரைப் பட்டறைகள், நடுவில் இரண்டு மாடி பங்களா. கேட்டில் வாட்ச்மேன் பெயர், நேரம், யாரைப் பார்க்க என்று எழுதச் சொன்னார். உள்ளே மேனேஜரின் அறையில் ஏ.சி. ஓடியது. நடுத்தர வயது, சுத்தமான சட்டை, பேசப் பேசக் கையால் மேசையைத் தட்டும் பழக்கம். பகிர்வு அறைக்கு மாதம் 22,000 ரூபாய், தனி அறைக்கு 35,000, ஒரு மாத அட்வான்ஸ். மருந்தும் ரத்தப் பரிசோதனையும் தனி.

நான் கேட்காமலேயே சில உத்தரவாதங்கள் தந்தார். இங்கே யாரையும் கட்டிப்போடுவது கிடையாது. மூலைக்கு மூலை கேமரா. அதோடு ஆபத்தான நிலையில் இருப்பவர்களைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். சேர்ப்பதும் சுலபம்: "அண்ணன் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். நாங்களே வண்டி அனுப்பி அழைத்துக்கொள்வோம்." எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

சுவரில் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் காலநிர்ணய் காலண்டர். காலண்டருக்கு அடியிலிருந்து ஒரு தாளின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. எழுந்துபோய்க் காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். மனநல மறுஆய்வு வாரியத்தின் முகவரியும் போன் நம்பரும் அச்சடித்த தாள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ஒவ்வொரு இல்லமும் அதைக் கண்ணில் படும் இடத்தில் வைத்தாக வேண்டும். உள்ளே இருப்பவருக்குக் குறை இருந்தால் புகார் சொல்ல வேண்டிய இடம் அந்த வாரியம். தாள் இருந்தது, நம்பரை அக்டோபர் மாதம் மறைத்துக்கொண்டிருந்தது. மேனேஜர் சிரித்துக்கொண்டே காலண்டரைக் கழற்றி அடுத்த ஆணிக்கு மாற்றினார்.

"வார்டைப் பார்க்கலாமா?" என்றேன். பார்க்கும் நேரம் நான்கு மணிக்குத்தான் என்றார். அதுவரை காத்திருக்கிறேன் என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு இன்சார்ஜ் நர்ஸைக் கூப்பிட்டார்.

நர்ஸ் தமிழ்ப் பெண். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து அம்பர்நாத் விம்கோ தீப்பெட்டி கம்பெனிக்கு வேலைக்கு வந்தவராம். இவர் பிறந்ததும் படித்ததும் இங்கேயே. ஜி.என்.எம். முடித்து, மனநல நர்சிங்கில் ஒரு வருட டிப்ளமாவும் முடித்திருக்கிறார். என் ஊர் தென்காசிப் பக்கம் என்றதும் 'சார்' போய் 'அண்ணாச்சி' வந்தது. ஆனால் சலுகை எதுவும் வரவில்லை. "போனை இங்க வச்சிட்டு வாங்க அண்ணாச்சி. பேஷண்ட் பேரை நானும் சொல்ல மாட்டேன், நீங்களும் கேக்கக் கூடாது" என்று என் போனை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

மாடிப்படி முடியும் இடத்தில் கிரில் கேட். அதைத் தாண்டினால் ஆண்கள் வார்டு, பதினான்கு கட்டில். பினாயில் வாசனையும் காலை அவல் போஹாவின் வெங்காய வாசனையும் கலந்து வந்தன. மின்விசிறிகள் கம்பி வலைக் கூண்டுக்குள் சுற்றின. யாருக்கும் மொட்டை இல்லை. ஒரே மாதிரி கோடு போட்ட பைஜாமாவும் இல்லை. ஒருவர் மும்பை இந்தியன்ஸ் டீ-ஷர்ட், ஒருவர் வெள்ளை வேட்டி. விருப்பமில்லாமல் மொட்டையடிக்கக் கூடாது, சொந்தத் துணி உடுத்த நினைப்பவருக்கு யூனிஃபார்மைத் திணிக்கக் கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. பின்பக்கக் கொடியில் காய்ந்த சட்டைகளின் காலருக்குள் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருந்தது. இந்த ஒரு விஷயத்தில் சொன்னதற்கு மேலேயே இருந்தது.

ஒன்பது மணிக்கு மருந்து ரவுண்ட். ட்ரேயில் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் கட்டில் நம்பரும் பெயரும். நர்ஸ் நம்பரைப் பார்த்துக் கொடுக்கவில்லை. "உங்க பேரு?" என்று தினமும் பார்க்கும் ஆளிடமே கேட்டார். அவர் சொன்ன பிறகு கார்டைப் பார்த்து, பிறகு கிண்ணத்தைக் கொடுத்தார். மாத்திரை, தண்ணீர், அப்புறம் "நாக்கைத் தூக்குங்க". இரண்டு கன்னத்தையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டில். ஒரு பையன் மட்டும் வாயைத் திறந்து மூடிவிட்டு நகரப் பார்த்தான். நர்ஸ் கோபப்படாமல் இன்னொரு கிளாஸ் தண்ணீர் நீட்டினார். இரண்டாவது மடக்கில் மாத்திரை இறங்கியது.

"துப்புறது மட்டும் பிரச்சினை இல்ல" என்றார் என்னிடம். "ஒளிச்சு ஒளிச்சுச் சேத்து வச்சு, ஒரு நாள் மொத்தமா முழுங்கிருவாங்க. அதுக்குத்தான் பயம்." முழுங்க வைப்பதோடு நிறுத்தாமல் ஏன் துப்புகிறான் என்றும் கேட்க வேண்டுமாம். அந்தப் பையனுக்கு மாத்திரை போட்டால் கால் நிற்காமல் துறுதுறுக்கிறது, உட்கார முடியவில்லை. அது மருந்தின் பக்கவிளைவு. அளவைக் குறைக்கவோ மாற்றவோ டாக்டரால் முடியும். வீட்டில் இதைத்தான் 'அடங்க மாட்டேங்கிறான்' என்று அடிப்பார்கள். ஹாலோபெரிடால் போன்ற ஊசி போட்டவுடன் சிலருக்குக் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், கண் மேலே செருகிக்கொள்ளும். பார்த்தவர்கள் பேய் என்று ஓடுவார்கள். ஃபெனர்கன் ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். "பேயோட்டுதவங்க கிட்டப் போனா அதுவும் தன்னால அடங்கும். பேரு அவங்களுக்குப் போயிரும்" என்று சிரித்தார்.

பதினோராவது கட்டில்காரரிடம் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னார். விரல்கள் லேசாக நடுங்கின. நேற்று எத்தனை தடவை வயிற்றாலே போயிற்று, எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று விசாரித்தார். நடக்கச் சொன்னார், நடை கொஞ்சம் தள்ளாடியது. அந்தக் கிண்ணத்தை மட்டும் கொடுக்காமல் ட்ரேயின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு டாக்டருக்குப் போன் செய்தார். அவர் சாப்பிடுவது லித்தியம். இருமுனைக் கோளாறுக்கு, அதாவது ஒரு காலம் தலைகால் தெரியாத உற்சாகத்திலும் ஒரு காலம் படுத்த படுக்கையிலும் தள்ளும் நோய்க்கு, பழைய, நல்ல மருந்து. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6-லிருந்து 1.2 மில்லி ஈக்விவலன்ட் வரை இருந்தால் மருந்து, 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். வேர்வையிலும் வயிற்றுப்போக்கிலும் உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் அதே மாத்திரை அளவிலேயே ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கும் இபுப்ரொஃபென் போதும், ஏற்றிவிட. அக்டோபர் வெயிலில் மின்விசிறிக்குக் கீழே நிற்கும் இந்தப் பெண் கண்ணால் பார்த்துப் பிடித்ததை எந்தக் கேமரா பிடித்திருக்கும் என்று தெரியவில்லை. பத்தரைக்கு லேப் பையன் வந்து ரத்தம் எடுத்துப் போனான்.

ஜன்னலோரக் கட்டில் பெரியவர் சுவரைப் பார்த்து ஹிந்தியில் திட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். முகத்துக்கு நேரே இல்லாமல் சற்றுத் தள்ளி, கதவை நோக்கி. சுவருக்குள் ரேடியோ பேசுகிறது என்றார் பெரியவர். 'அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை' என்று நர்ஸ் சொல்லவில்லை, 'ஆமாம்' என்றும் தலையாட்டவில்லை. "எனக்குக் கேட்கலை பாபா. உங்களுக்குக் கேட்குதுன்னு தெரியுது. பயமா இருக்கா? என்ன செய்யச் சொல்லுது?" என்று ஹிந்தியில் கேட்டார். அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் விடக் கூடாதாம். குரல் சும்மா திட்டுகிறதா, 'உன்னை நீயே வெட்டிக்கோ' என்று ஏவுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் அன்றைய காவல். சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்பது வெறும் பயம்; கேட்டால்தான் சொல்வார்கள் என்றார்.

கழிவறையையும் பார்க்கிறேன் என்றதும் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திறந்துகாட்டினார். கதவு வெளிப்பக்கம் திறக்கிறது. உள்ளே தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும். ஷவர் குழாய் இல்லை. இடுப்பு உயரத்துக்குக் கீழே ஒரு குழாயும் வாளியும். துணி மாட்டும் கொக்கியை நான் விரலால் இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. காந்தக் கொக்கி, கனம் தாங்காது. கண்ணாடிக்குப் பதில் பளபளக்கும் ஸ்டீல் தகடு. எல்லாம் ஒழுங்காக இருந்தது, ஒன்றைத் தவிர. வாளியின் கைப்பிடி அறுந்து, பிளாஸ்டிக் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஒரு முழத்துக்கு மேல் நீளம். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். ஆயா வேலை செய்யும் மாவ்ஷியைக் கூப்பிட்டு, கத்திரி கொண்டுவரச் சொல்லி, அங்கேயே வெட்டிக் கயிற்றைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

இதற்குப் பிறகு ஆறாவது கட்டிலுக்கு வந்தோம். அங்கே படுத்திருந்த இளைஞன் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தான். நர்ஸ் டியூட்டி இடத்துக்கு நேர் எதிரே அவன் கட்டில்; கழுத்தைத் திருப்பாமல் பார்க்கக்கூடிய தூரம், பத்தடி. போன வாரம் உயிரை விடப் பார்த்தவன். இப்படிப்பட்டவனை ஒருகாலத்தில் போலீஸ் தேடி வந்து கேஸ் போடும். 2017 சட்டம், கடுமையான மன அழுத்தத்தில் செய்தார் என்றே கொண்டு தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலை 1-ஆம் தேதி பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவே இல்லாமல் போயிற்று. நோயாளியைக் காப்பதற்கு வெறும் கண்தான் மிச்சம். அதற்கான தாளைக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு கிளிப் அட்டையில் செருகியிருந்தார்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம்; நேரம், எங்கே இருந்தார், என்ன செய்துகொண்டிருந்தார், கையெழுத்து.

அட்டையை எடுத்துப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது. தாளில் பன்னிரண்டே முக்கால் வரைக்கும் 'தூங்குகிறார்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது.

ஒன்றும் சொல்லாமல் நர்ஸிடம் நீட்டினேன். அவர் முகம் இறுகியது. வார்ட்பாயைக் கூப்பிட்டார். பத்தொன்பது இருபது வயதிருக்கும். குளிக்க வைப்பது, சோறு கொடுப்பது, சண்டை விலக்குவது என்று பதினான்கு பேருக்கும் அவன் ஒருவன்தான். மராத்தியில் அவனிடம் பேசியது முழுதும் எனக்குப் புரியவில்லை. குரலை உயர்த்தவில்லை என்பது மட்டும் தெரிந்தது. பிறகு நடக்காத நேரத்துக் கட்டங்களின் மேல் ஒற்றைக் கோடு அடித்தார். அடியில் இருப்பது படிக்கக் கூடியதாகவே இருந்தது. பக்கத்தில் 'முன்கூட்டி எழுதப்பட்டது, பார்க்கப்படவில்லை, 11.42' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார்.

"தாளைக் கிழிச்சுட்டுப் புதுசு எழுதியிருக்கலாமே?" என்றேன்.

"கிழிச்சா அது ரெண்டாவது பொய் அண்ணாச்சி. நாளைக்கு இந்தப் பையனுக்கு ஏதாவது ஆச்சுன்னா கோர்ட்டுல இந்தத் தாளுதான் பேசும். பன்னெண்டு மணிக்குத் தூங்குனான்னு எழுதிட்டு, அவன் பன்னெண்டு மணிக்கு உயிரோட இல்லைன்னா?" கொஞ்சம் நிறுத்தி, "அது போக, சரியாப் பதினஞ்சு நிமிசம்னு வைக்கதும் தப்பு. அடுத்த ஆளு எப்ப வருவான்னு படுத்திருக்கவனுக்குத் தெரிஞ்சு போகும். பத்துல ஒரு தடவை, ஏழுல ஒரு தடவைன்னு மாத்தி மாத்திப் பாக்கணும்" என்றார்.

பதினான்கு பேருக்கு ஒரு பையன் என்று வைத்துவிட்டு, அவன் தாளை முன்கூட்டி நிரப்பினான் என்று அவனை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அதை நர்ஸிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. மேனேஜரிடம் கேட்க வேண்டியது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கட்டிப்போடுவது பற்றி நானாகக் கேட்டேன். அது கிடையாது என்று கீழே மேனேஜர் சொன்னாரே என்றதும் நர்ஸ் சாவிக்கொத்தை எடுத்து அலமாரியைத் திறந்தார். மேல்தட்டில் பஞ்சு வைத்துத் தைத்த நான்கு துணிப் பட்டைகள். பக்கத்தில் நீல அட்டை ரிஜிஸ்டர். "கட்டுறதே இல்லைன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க. கட்டுனா எழுதுதோம். அவ்வளவுதான்."

ரிஜிஸ்டரில் பெயர் இருந்த பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு மற்றதைக் காட்டினார். கட்டிய நேரம், ஏன், அதற்கு முன் என்னென்ன முயன்றார்கள், எந்த மனநல மருத்துவர் அனுமதித்தார், கை விரல் நிறமும் நாடியும் பார்த்த நேரங்கள், தண்ணீர் கொடுத்தது, சிறுநீர் போனது, அவிழ்த்த நேரம், வீட்டாருக்குச் சொன்ன நேரம். கடைசியாக இருந்த பதிவில் கட்டியதற்கும் அவிழ்த்ததற்கும் நடுவே முப்பத்தைந்து நிமிடம். சட்டம் கேட்பதும் கிட்டத்தட்ட இதைத்தான். உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், மருத்துவர் அனுமதியோடு, தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் இல்லாமல். நோயாளியின் சார்பில் பேசும் நியமனப் பிரதிநிதிக்கு இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தகவல், மாதாமாதம் வாரியத்துக்கு அறிக்கை. தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்று சொல்லியும் கட்டக் கூடாது. தனியறையில் அடைத்துப் பூட்டுவதும், சங்கிலி எந்த வடிவத்தில் இருந்தாலும், முழுத் தடை.

சங்கிலி என்றதும் நம் ஊர்க்காரர் யாருக்கும் ஏர்வாடி நினைவு வரும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். ஓட முடியவில்லை, கால்கள் சங்கிலியில். உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்தது. அதற்கு முன்னாலும் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கத்தான் செய்தது. நர்ஸுக்கும் அந்தச் சம்பவம் தெரிந்திருந்தது. "அதனாலதான் நைட் டியூட்டியில கிரில் கேட் சாவி என் இடுப்புல இருக்கும். ஆபீஸ் ரூம் ஆணியில தொங்காது" என்றார். கேட்டுக்குப் பக்கத்தில் தீயணைப்பு உருளை இருந்தது. சீட்டைப் படித்தேன், நிரப்பிய தேதிக்கு இன்னும் ஆயுள் இருந்தது.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. சப்பாத்தி, பருப்பு, வெண்டைக்காய். ஸ்பூன்களை எண்ணிக் கொடுத்தார் மாவ்ஷி, எண்ணி வாங்கினார். ஃபோர்க், கண்ணாடி டம்ளர் எதுவும் இல்லை. எல்லோரும் தட்டைக் கழுவி வைக்கும்வரை நர்ஸ் உட்காரவேயில்லை. அப்போதுதான் ஒருவர் தமிழில் "இன்னிக்கி ரசம் இல்லியா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

நான்கு மாதத்துக்கு முன் ரயில் பாதை ஓரமாகத் திரிந்தவராம். சட்டப்படி போலீஸ் இப்படி ஒருவரைக் கண்டால் லாக்கப்பில் வைக்கக் கூடாது; இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிப்போக வேண்டும், காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தையும் தேட வேண்டும். இவரை ஒரு நல்ல மனிதர் செலவை ஏற்றுக்கொண்டு இங்கே சேர்த்திருக்கிறார். இதே பாதையில் இன்னும் நாற்பது கிலோமீட்டர் போனால் கர்ஜத். அங்கே டாக்டர் பரத் வாட்வானியின் ஷ்ரத்தா மையம் இந்த வேலையைத்தான் செய்கிறது. சாக்கடை நீரைத் தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு குடித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனை வாட்வானியும் அவர் மனைவி ஸ்மிதாவும் கூட்டிவந்து சிகிச்சை கொடுத்தார்கள்; தேறியதும் அவன் ஆந்திராவைச் சேர்ந்த பி.எஸ்சி. பட்டதாரி, லேப் டெக்னாலஜியும் படித்தவன் என்று தெரிந்தது. அதிலிருந்து பிறந்தது 1988-இல் அந்த அமைப்பு. 2018-இல் வாட்வானிக்கு மகசேசே விருது கிடைத்தது. நம் ரசக்காரர் இப்போது ஊர்ப் பெயர், அண்ணன் பெயர் எல்லாம் சொல்கிறார். அண்ணனிடம் நர்ஸ் போனில் பேசினார். 'அங்கேயே வச்சுக்குங்க' என்றாராம். குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை இல்லத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. அவர் எங்கே போவார் என்ற கேள்விக்கு வார்டில் விடை இல்லை.

கீழே இறங்கும்போது சேர்க்கை விஷயத்தைக் கேட்டேன். அண்ணன் கையெழுத்து மட்டும் போதாது என்றார் நர்ஸ். தம்பியே புரிந்து சம்மதித்தால் அவர் கையெழுத்திலேயே சேரலாம், அவரே கேட்டு வெளியே போகலாம். அதுதான் முதல் வழி. சம்மதிக்கும் நிலையில் இல்லை, ஆபத்தும் இருக்கிறது என்றால், நியமனப் பிரதிநிதி விண்ணப்பம் தர, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியாக அவரைப் பார்த்திருக்க வேண்டும். அதுவும் சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ. முப்பது நாள்தான் கெடு. ஆண் என்றால் ஏழு நாளுக்குள், பெண் என்றாலோ சிறுவர் என்றாலோ மூன்று நாளுக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

"பணம் தாங்காதுன்னா தானே இருக்கு அண்ணாச்சி. படிக்கையில எங்க போஸ்டிங் அங்கதான்" என்றார். தானே மண்டல மனநல மருத்துவமனை 1901-இல் தொடங்கியது, 1,850 படுக்கை. மகாராஷ்டிராவில் இப்படி அரசு மனநல மருத்துவமனைகள் நான்கு: தானே, எரவாடா, நாக்பூர், ரத்னகிரி. 2023 ஆகஸ்ட் 15 முதல் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். அம்பர்நாத்திலிருந்து லோக்கலில் பத்து ரூபாய். 22,000-க்குப் பக்கத்தில் அந்தப் பத்து ரூபாயையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மேனேஜரின் மேசையில் எனக்காக விலைத்தாள் தயாராக இருந்தது. கடைசி வரியில் 'பிக்-அப், மும்பைக்குள் 6,000'.

"யார் வருவாங்க?" என்றேன்.

"நாலு பசங்க. அனுபவசாலிங்க. அரை மணி நேரத்துல முடிச்சிடுவாங்க."

"டாக்டர் வருவாரா? நர்ஸ்?"

"தேவைப்பட்டா."

நர்ஸ் என் போனை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். "நான் அந்த வண்டியில போறதில்ல" என்று தமிழில் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். நான்கு பேர் கதவை உடைத்து வந்து தூக்கிப்போன ஒருவன், அதற்குப் பிறகு நாக்கைத் தூக்கச் சொன்னால் யாரை நம்பித் தூக்குவான்? பதினான்கு பேருக்கு ஒரு வார்ட்பாய் என்பதையும் மேனேஜரிடம் கேட்டேன். தீபாவளிக்குப் பிறகு இன்னொருவர் வருவதாகச் சொன்னார். விலைத்தாளின் பிக்-அப் வரியை அடித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தேன்.

ரோட்டுக்கு வந்து பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். இடம் எப்படி என்றார். நர்ஸ் நம்பலாம், மற்றதெல்லாம் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும் என்றேன். ஷாக் வைப்பார்களா என்றார். அங்கே அது கிடையாது; எங்கே கொடுத்தாலும் மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது என்றேன். அடுத்து, வண்டி எப்போது வரும் என்று கேட்டார்.

"வண்டி வேண்டாம். தம்பிகிட்டக் கேட்டீங்களா, டாக்டரைப் பார்க்க வர்றியான்னு?"

"அவன்கிட்ட என்னத்தைக் கேட்கிறது சார்?"

இல்லத்துக்கு மனநல மருத்துவர் புதன்கிழமை பத்தரைக்கு வருகிறார், முதல் தடவை பார்க்க எண்ணூறு ரூபாய், அன்றைக்கே சேர்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்று சொன்னேன். வர மறுத்தால் 14416-க்குப் போன் செய்யலாம், அரசின் டெலி மானஸ், காசு கிடையாது, தமிழிலும் பேசுவார்கள் என்றேன். பிறகு, போனைத் தம்பியிடம் கொடுங்கள் என்றேன்.